ஸ்பிரிட் துடைக்காத கொழுப்பு

பாலிஷ் பட்டறையில் வேலை செய்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவன் மேல் எந்நேரமும் ஸ்பிரிட் வாசனை வீசும். ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். கட்டிலையும் கதவையும் மேசையையும் முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துத் தருவதால் ‘பளபளா’ என்று பெயர் வாங்கிய நம்ம ஆள், இந்த வசதியைப் பதினாலு வருஷமாக அனுபவித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்குவான். அரக்கு மூட்டைக்குப் பின்னால், ‘தின்னர்’ என்று தன் கையாலேயே எழுதி ஒட்டிய டின் ஒன்று இருக்கும். உள்ளே இருப்பது சாராயம். அதிலிருந்து இரண்டு பெக். கூடாது, குறையாது. ‘அளவோடு இருக்கிறவன்’ என்று தன்னைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அப்புறம் வாயைக் கொப்பளித்துவிட்டு, நல்ல பிள்ளையாக வீடு போய்ச் சேருவான். மனைவி சட்டையை வாங்கி, “இந்தப் பாலிஷ் நாத்தம் என்னிக்குத்தான் போகுமோ” என்று மூக்கைச் சுளித்துக்கொண்டே தனி வாளியில் ஊறப்போடுவாள். பிள்ளைகளின் துணியோடு சேர்த்தால் அதுகளுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று பயம். பாவம், பதினாலு வருஷம் தனி வாளி!

இவனை யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. வாயைக் கொடுத்துத் தானே மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டதற்காக இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்தக் கதைதான் இது.

அவனுக்கு ஒரே அக்கா. பதினோரு வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் விட்டு, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள். தபால் ஆபீசில் பார்சல் எடை போடுகிற வேலை. கையில் வாங்கியதுமே எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாள். தராசு அப்புறம்தான் ஆமாம் போடும். பிள்ளை இல்லை. “எனக்கெதுக்குப் பிள்ளை, இந்தத் தடியன் ஒருத்தன் போதாதா?” என்பாள்.

அந்த அக்காவின் கல்லீரல் கெட்டுப்போயிற்று. அவள் உடம்பின் காவல்காரர்களே அவளுடைய ஈரலை எதிரி என்று நினைத்து வருஷக்கணக்காக அடித்திருக்கிறார்கள் என்றார் டாக்டர். கண் மஞ்சளானது, வயிற்றில் நீர் கோத்தது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை குழாய் வைத்து எடுக்கவேண்டி வந்தது. ஈரல் என்றாலே ஊர் வாய் சும்மா இருக்குமா? தெருவில் ஒரு அம்மாள் அவனிடமே வந்து, “ஏம்பா, உங்க அக்கா ரகசியமா ஏதாவது... பழக்கம் உண்டா?” என்று கேட்டாள். அவனுக்கு வந்ததே கோபம்! “வாயைக் கழுவுங்க. எங்க அக்கா அந்த வாசனையே அறியாதவ” என்று நடுத்தெருவில் சண்டை போட்டான். போட்டுவிட்டு நேராகப் பட்டறைக்குப் போய் டின்னைத் திறந்தான். அவனை என்ன சொல்ல!

மாற்று ஈரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றானது. உயிரோடு இருக்கிறவரிடமிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்து வைக்கலாமாம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் கொஞ்ச மாதத்தில் வளர்ந்துவிடுமாம். அக்காவின் வீட்டுக்காரரை அவன் மாமா என்று கூப்பிடுவான். அவருக்குச் சர்க்கரை, ரத்த வகையும் சேரவில்லை. சேர்ந்தது தம்பிக்குத்தான். “என்னோடதை எடுத்துக்கங்க டாக்டர், முழுசா வேணும்னாலும் எடுத்துக்கங்க” என்றான். மனசார சொன்னதுதான், அதில் பொய் இல்லை.

பொய் அடுத்த கேள்வியில் வந்தது. “குடிப்பழக்கம் உண்டா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் மாமா சிரித்தார். “இவனா? டீயே அரை டம்ளர்தான் குடிப்பான்.” பக்கத்தில் அவன் மனைவியும் தலையாட்டினாள். அவனும் ஆட்டினான். அப்புறம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோதும், ஆட்டிய தலையை நிறுத்தத் தைரியம் வரவில்லை.

ஸ்கேனில் அவனுடைய ஈரலில் இருபத்திரண்டு சதவீதம் கொழுப்பு என்று வந்தது. “இதை வெச்சுக்கிட்டு வெட்ட முடியாது. உங்களுக்கும் ஆபத்து, வாங்கிக்கறவங்களுக்கும் சரியா வேலை செய்யாது. பத்துக்குக் கீழ வரணும்” என்றார் டாக்டர். “அக்கா எவ்வளவு நாள் தாங்குவாங்க?” என்று கேட்டதற்கு, “மூணு மாசம்னு வெச்சுக்கங்க. அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க முடியாது” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அவனை டயட்டீஷியன் அம்மாவிடம் அனுப்பினார்கள். சின்ன அறை. மேசை முழுக்க பிளாஸ்டிக்கில் செய்த சோறு, முட்டை, வாழைப்பழம். மூலையில் ஒரு எடை மெஷின். அந்த அம்மா கொடுத்த தாளை அவன் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொண்டான். எண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை, பொரித்தது இல்லை. காலையில் ஒரு மணி நேரம் நடை. பத்தியம் என்றால் பத்தியம். அவன் பிடித்தால் உடும்புப் பிடிதான். வெந்த காயைத் தின்று தின்று முகம் சுண்டிப்போனது.

இந்த இடத்தில்தான் பாலிஷ்காரன் புத்தி வேலை செய்தது. சில மரங்களில் எண்ணெய்ப் பசை இருக்கும். அதன் மேல் அப்படியே அரக்கைப் பூசினால் ஒட்டாது, திட்டுத் திட்டாக உரிந்து வரும். அதனால் முதலில் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அழுத்தித் துடைப்பார்கள். பசை போய்விடும். இருபது வருஷமாக தினம் கண்ணால் பார்க்கிற உண்மை. ‘பிசுக்குன்னா ஸ்பிரிட்தான்’ என்பது அவன் கைக்கே தெரியும். அப்படியானால் ஈரலில் சேர்ந்த பிசுக்குக்கு? அவன் குடிப்பதும் ஸ்பிரிட்டின் சொந்தக்காரன்தானே! அதில் ஒரு சொட்டு எண்ணெய் உண்டா? தண்ணீர் மாதிரி இருக்கிறது. எண்ணெயை விட்டான், நெய்யை விட்டான், டின்னை மட்டும் விடவில்லை. விடாததோடு, அக்காவுக்கு நாள் குறைவாக இருக்கிறதே என்று இரண்டு பெக்கை மூன்றாக்கினான். சிரிக்காதீர்கள். அக்கா பிழைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே அந்த மூன்றாவதைக் குடித்தான் மனுஷன்.

ஐந்து வாரம் கழித்து இரண்டாவது ஸ்கேன். எடை நாலரைக் கிலோ இறங்கியிருந்தது. கொழுப்பு இருபத்தேழுக்கு ஏறியிருந்தது.

டயட்டீஷியன் அம்மா இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் புரியல. எடை இறங்கினா இதுவும் இறங்கணுமே. நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து தூங்கற வரைக்கும் என்னென்ன வாயில போட்டீங்க, ஒண்ணுவிடாம சொல்லுங்க.”

சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கு அழுகை முட்டியது. இத்தனை பட்டினி கிடந்தும் அக்காவுக்கு உதவாமல் போய்விட்டதே! அந்த ஆற்றாமையில் வாய் நழுவியது. “மேடம், நான் உங்க தாளோட நிக்கல. உள்ள இருக்கற பிசுக்கைத் துடைக்க என் பங்குக்கும் தினம் பண்ணிட்டுத்தான் இருக்கேன்.”

“என்ன பண்றீங்க?”

நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் வெளியே வந்த வார்த்தை வந்ததுதான். அந்த அம்மா அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு டின், அரக்கு மூட்டை, ஆறு மணி, எண்ணெய்ப் பசை, மூன்றாவது பெக் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “உங்க பட்டறையில ஒரு கட்டில் பாதி தேய்ச்சபடி கிடக்கு. அப்ப ஒருத்தர் வந்து, இன்னிக்கே வேணும்னு ஒரு மேசையைக் கொண்டுவந்து வெச்சா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“கட்டிலை ஓரமா நகத்திட்டு மேசையைப் பாப்போம்.”

“லிவரும் அதைத்தான் பண்ணுது. சாராயம் உடம்புக்கு விஷம், அதைச் சேத்து வெக்க இடமே கிடையாது. அதனால அது உள்ள வந்ததும், லிவர் மத்த வேலையெல்லாம் போட்டுட்டு அதை எரிக்கத்தான் ஓடும். அன்னிக்கு எரிக்க வேண்டிய கொழுப்பு அப்படியே நிக்கும். அதோட விட்டுச்சா? சாராயத்தை எரிச்ச மிச்சத்தை வெச்சே புதுசா கொழுப்பு வேற செய்யும். இருக்கற கொழுப்பை வெளிய அனுப்பற வேலையும் மந்தமாயிடும். தினம் சாயங்காலம் ஒரு அவசர மேசை வந்துகிட்டே இருந்தா கட்டில் எல்லாம் என்னாகும்?”

“குவிஞ்சுடும்” என்றான்.

“குவிஞ்சிருக்கு. நீங்க வெந்த காய் சாப்பிட்டது வீண் இல்ல. ஆனா தினம் நாலு கட்டிலைக் குறைச்சுட்டு, அஞ்சு கட்டிலை நீங்களே உள்ள வெச்சிருக்கீங்க.”

“அப்ப ஸ்பிரிட் பசையை எடுக்காதா மேடம்?”

“மரத்துல எடுக்கும். அது உயிரில்லாத மரம், துடைச்சா துடைச்சதுதான். லிவர் உயிரோட இருக்கே. அதைத் துடைக்க முடியாது, அதுதான் உக்காந்து எல்லாத்தையும் எரிச்சாகணும்.”

ஐந்து வாரம்! அக்காவின் மூன்று மாதத்தில் ஐந்து வாரத்தைத் தன் கையாலேயே ஊற்றிக் குடித்திருக்கிறான். “அவ்வளவுதானா மேடம்? அக்காவுக்குக் கொடுக்க முடியாதா?”

“இன்னிக்கு முடியாது. இதை ஃபைல்ல எழுதித்தான் ஆகணும், டாக்டர் உங்களை நல்லாத் திட்டுவாரு, வாங்கிக்கங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். காரணமே தெரியாம ஏறியிருந்தா நாங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னிருப்போம். சாராயத்தால சேர்ந்த கொழுப்பு, உள்ள தழும்பு விழாம இருந்தா, சில வாரத்துல இறங்கக்கூடியது. ஆனா சுத்தமா நிறுத்தணும். சொட்டு கூடாது. வாராவாரம் ரத்தம் எடுத்துப் பாப்போம், ஏமாத்த முடியாது.” கொஞ்சம் நிறுத்தி, “வீட்ல சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். தனியா நிறுத்தறது கஷ்டம்கறதை மட்டும் சொல்லிடறேன்” என்றார். அந்த அம்மாவின் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது அவனுக்கு. அப்புறம் டாக்டர் திட்டினார், நிஜமாகவே நன்றாகத் திட்டினார். ஊசி போட்டு ஈரலில் ஒரு துளி எடுத்துப் பார்த்ததில் தழும்பு இல்லை என்று வந்தது. அந்தத் துளிக்கும் நன்றி சொன்னான்.

முதலில் மனைவியிடம் சொன்னான். அவள் கையிலிருந்த அவன் சட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, “அந்த வாளி...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அடுத்தது அக்கா. கட்டிலில் இரண்டு தலையணைக்கு நடுவே சாய்ந்திருந்தாள். வயிறு பெருத்து, கை கால் குச்சியாகி, பார்க்கவே பகீர் என்றது. மாமாவும் பக்கத்தில் இருந்தார். அவன் தரையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். மாமாவுக்கு முகம் செத்துப்போனது.

அக்கா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். “எனக்காகத்தான் மூணாவதையும் குடிச்சியா?”

“ஆமாக்கா.”

“இவ்வளவு பெரிய கூறுகெட்டவனையா நான் வளத்தேன்?” அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வயிறு வலிக்க, “அம்மா” என்று பிடித்துக்கொண்டாள். பிறகு அவன் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள். “இந்தா, கேட்டுக்க. ‘உன்னோடது வேணாம்டா, நீ நல்லா இரு’ன்னு பெரிய மனசு பண்ணுவேன்னு நெனைக்காத. எனக்கு வேணும். எனக்கு அம்பத்திரண்டு வயசுதான் ஆகுது, நான் வாழணும்டா. சீக்கிரம் நிறுத்திட்டுக் கொண்டுவா.”

அக்கா எதையும் வேண்டும் என்று கேட்டு அவன் பார்த்ததே இல்லை. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஒன்றைக் கேட்டாள்.

அன்றைக்கே பட்டறையை நடத்துகிற தச்சரிடமும் சொன்னான், அவர் அந்த டின்னை எடுத்துக் கவிழ்த்தார். “பதினாலு வருஷமா இதைத் தின்னர்னு நெனைச்சு நானே தொடலியேடா பாவி!” என்று தலையில் அடித்துக்கொண்டார். ஸ்பிரிட் பக்கமே போகவேண்டாம் என்று அவனை உப்புத்தாள் போட்டு மரம் தேய்க்கிற வேலைக்கு மாற்றிவிட்டார். நாள் முழுக்கத் தூசியில் நின்றான். முதல் வாரம் தூக்கமில்லை, எரிச்சல், வேர்வை. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். ஆறு மணி ஆனால் உடம்பே கடிகாரமாகி அடிக்கும். சரியாக அந்த நேரத்துக்கு மனைவி பட்டறை வாசலில் வந்து நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரமாக வீடு வரை நடப்பார்கள். எட்டாம் நாள் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவள் குடையை விரித்து, “இப்படி வாங்க, நனையாதீங்க” என்றாள். அவனுக்கு அது போதும் போலிருந்தது.

இருபதாவது நாள் மாமா போன் பண்ணினார். அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. ஈரல் வடிகட்டாத அழுக்கு ரத்தத்தோடு மூளைக்கு ஏறி நினைவு தடுமாறுகிறது என்றார். ஓடினான். கட்டிலருகே போய், “அக்கா” என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்து, “பார்சல் எங்க? கவுண்டர் மூடற நேரம் ஆச்சு” என்றாள். அவனை யார் என்றே தெரியவில்லை.

வெளியே வந்து நின்றான். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் மதுக்கடை. விளக்கு பளிச்சென்று எரிந்தது. கால் தானாகத் தெருவைத் தாண்டிவிட்டது. கடை வாசல்வரை போனான். ஒளிப்பானேன், பர்ஸைக்கூடக் கையில் எடுத்துவிட்டான். ‘நான் வாழணும்டா’ என்ற குரல் காதில் கேட்டது. அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டு, “நான் கடை வாசல்ல நிக்கறேன். போனை வெக்காத, பேசிட்டே இரு” என்றான். அவள் என்ன பேசினாள் தெரியுமா? பால் வாங்கவேண்டும், கேஸ் தீர்ந்துவிட்டது, பெரியவனுக்குச் செருப்பு அறுந்துவிட்டது என்று வீட்டுக் கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் “ம்” கொட்டிக்கொண்டே திரும்பி நடந்து அக்காவின் கட்டிலுக்கு வந்து சேர்ந்தான். அந்தப் பெண்ணை எந்த ஜென்மத்தில் என்ன புண்ணியம் பண்ணி வாங்கினோமோ என்று நினைத்துக்கொண்டான்.

மருந்தில் அக்காவுக்கு நினைவு திரும்பியது. ஆனால் இனி தாமதிக்க முடியாது என்றார்கள். குடியை நிறுத்திய ஐந்தாவது வாரக் கடைசியில் அவனை ஸ்கேன் மெஷினுக்குள் தள்ளினார்கள். “மூச்சை இழுத்துப் பிடிங்க” என்று மெஷின் சொன்னபோது, விடச் சொன்ன பிறகும் பிடித்துக்கொண்டே கிடந்தான். டயட்டீஷியன் அம்மா தாளோடு வேகமாக வந்தார். அவர் நடையைப் பார்த்ததுமே அவன் எழுந்து நின்றுவிட்டான்.

“ஏழு” என்றார்.

“எழுபதா?”

“ஏழு, ஏழு! ஒரே ஏழு!” அந்த அம்மாவே சத்தம் போட்டுவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அவனைக் கட்டிக்கொண்டு, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல், “சாப்பிட்டியாடா?” என்று கேட்டார்.

நான்காம் நாள் காலை இருவரையும் அடுத்தடுத்த தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

அவனுக்கு விழிப்பு வந்தபோது வயிற்றில் தீ வைத்தது போல வலி. பச்சைத் திரை, பீப் சத்தம், தலைமாட்டில் ஒரு நர்ஸ். வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. “அக்கா?” என்றான்.

டாக்டரே வந்து குனிந்தார். திட்டின அதே டாக்டர். “உங்க அக்கா நல்லா இருக்காங்க. உள்ள வெச்சு ரத்தக்குழாயைச் சேர்த்ததும் லிவருக்கு நிறம் வந்துடுச்சு. தையல் முடியறதுக்குள்ளயே பித்தம் சுரக்க ஆரம்பிச்சிடுச்சு. அருமையான லிவர்யா அது.”

அருமையான லிவராம்! பதினாலு வருஷம் தினம் சாயங்காலம் விஷத்தை ஊற்றியிருக்கிறான். அது ஒருநாள்கூட லீவு போடவில்லை, முறைக்கவில்லை, மற்ற வேலையையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அவனைக் காப்பாற்றுவதற்காகவே எரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஐந்து வாரம் நிம்மதியாக விட்டதற்கே குவியலைத் தீர்த்துவிட்டு, போன இடத்திலும் உடனே வேலையைத் தொடங்கிவிட்டது. அவனுக்குக் கண்ணீர் காதுவரை வழிந்தது. நர்ஸ், “ரொம்ப வலிக்குதா?” என்றாள். “வலிக்குது. அதுக்கு அழல சிஸ்டர்” என்றான்.

மறுநாள் மத்தியானம் அக்காவின் தொண்டைக்குழாயை எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் கட்டில். எழுந்து போகத்தான் முடியாது. அவன் நர்ஸைக் கூப்பிட்டான். “அக்காகிட்ட ஒண்ணு சொல்றீங்களா? தம்பி நன்றி சொன்னான்னு சொல்லுங்க.”

நர்ஸுக்கு வேடிக்கையாக இருந்தது. “அவங்கதானே உங்களுக்குச் சொல்லணும்?”

“இல்ல சிஸ்டர். அவ படுக்கலைன்னா என்னை யாரும் ஸ்கேன் எடுத்திருக்க மாட்டாங்க. நான் நிறுத்தியிருக்கவே மாட்டேன். இன்னும் பத்து வருஷத்துல அதே கட்டில்ல நான் படுத்திருப்பேன், கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டாங்க. என் உயிரையும் அவதான் காப்பாத்தினா. மறக்காம சொல்லுங்க.”

நர்ஸ் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து ஏதோ பேசுவது தெரிந்தது. நிமிர்ந்தாள், மறுபடி குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனாள். திரும்பி வரும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள்.

“சொன்னீங்களா சிஸ்டர்?”

“சொன்னேன்.”

“பேசினாளா? என்ன சொன்னா?”

“‘போடா’ன்னு சொல்லச் சொன்னாங்க.”